கடற்கரை மாளிகைகளும் வாக்குச் சாவடியும்

சென்ற திங்கள் இப்பகுதியில் நம் மக்கள் வாழும் சால்களில் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் வரைந்துள்ளார். "மலபார் குன்றில் இருப்பவர்கள் தண்ணீருக்காக எந்தக் கவுன்சிலரையும் தேடிப் போவதில்லை. அவர்களில் பாதிப்பேர் ஓட்டுப் போடவும் போவதில்லை. அதனால் அவர்களுக்கு என்ன குறை வந்துவிட்டது? நாம் மட்டும் வெயிலில் வரிசையில் நிற்பானேன்?" என்பது அவர் கேள்வி. வேடிக்கையாகக் கேட்டது போலத் தோன்றினும், நம்மவர் பலருடைய மனத்தில் உள்ள கேள்வியே இது. ஆகவே, மும்பையின் மேற்குக் கடலோரத்தில் வாழும் செல்வர்களின் அரசியல் எத்தகையது, அவர்களுடைய வாழ்க்கை முறைக்கும் அவ்வரசியலுக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை ஆராய்ந்து, அன்பருக்கு விடை கூற இத்திங்கள் முற்படுகிறோம்.

ஒரே கடல், பல கரைகள்

சர்ச்கேட்டிலிருந்து வடக்கே செல்லும் மின்சார ரயிலில் இடப்புறம் அமர்ந்தவர்களுக்கு மரைன் லைன்ஸைத் தாண்டியதும் கடல் தெரியும். கடலுக்கு அப்பால் மலபார் குன்றின் மாடங்கள் தெரியும். வண்டியில் இருந்து காணும்போது அவையெல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், செல்வர் வாழும் கடற்கரை முழுவதும் ஒரே குணம் உடையது என்று எண்ணிவிடலாகாது.

தெற்கே கொலாபாவும் கஃப் பரேடும் உள்ளன. இவற்றின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். பெரிய கம்பெனிகளின் தலைவர்கள், கடற்படையினரின் குடும்பங்கள், பழைய பார்சிக் குடும்பங்கள் ஆகியோர் இங்கு வாழ்கின்றனர். அவ்வுயர்ந்த கட்டடங்களின் காலடியிலேயே மச்சிமார் நகர் என்னும் மீனவர் குடியிருப்பும், அம்பேத்கர் நகர் முதலிய குடிசைப் பகுதிகளும் இருக்கின்றன. மேல்மாடியில் சமைப்பவரும் கார் ஓட்டுபவரும் அங்கிருந்தே வருகின்றனர்.

அடுத்து மரைன் டிரைவ். வளைந்த முகப்புகளையுடைய அதன் கட்டடங்கள் 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றன. வெளியே செல்வம் பொலிந்தாலும், 1947இன் வாடகைச் சட்டம் அளித்த பாதுகாப்பால் பழைய வாடகையிலேயே தங்கிவிட்ட முதியவர்களும் உள்ளே உண்டு. கடற்கரையில் இருப்போர் யாவரும் கோடீசுவரர் அல்லர் என்பதற்கு இதுவே சான்று.

மலபார் குன்றில் கவர்னர் மாளிகை இருக்கிறது. முதலமைச்சரின் இல்லமாகிய 'வர்ஷா' இருக்கிறது. குஜராத்தி, மார்வாடி, சமண வணிகர்கள் பெருகி வாழும் இடம் அது. புலால் உண்பவர்க்கு வீடு தர விரும்பாத கட்டடங்கள் அங்கு உண்டு என்பதை வீடு தேடிச் சென்றவர் அறிவர். சட்டசபையில் அத்தொகுதியின் இடத்தை 1995 முதல் 2024 வரை நடந்த ஏழு தேர்தல்களிலும் பாரதீய ஜனதாக் கட்சியின் மங்கள் பிரபாத் லோதாவே வென்றுள்ளார். வணிகத்துக்கு இடையூறு இல்லாத ஆட்சி, வரி குறைவு, தம் சமய வழக்கங்களுக்கு மதிப்பு ஆகிய மூன்றும் அவ்விடத்து மக்கள் நாடுபவை. அவற்றை அக்கட்சியிடம் கண்டனர் என்று கொள்ளலாம்.

வொர்லியில் கண்ணாடி பதித்த கோபுரங்களும், பி.டி.டி. சால்களும், பழைய மீனவக் கிராமமும் அருகருகே உள்ளன. அதற்கு வடக்கே தாதரின் சிவாஜி பூங்கா. இது மராத்தியப் படித்த வகுப்பினரின் கடற்கரை. சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின் பெருங்கூட்டங்கள் கூடிய இடம். 1966 ஜூன் 19இல் தோன்றிய சிவசேனை, அவ்வாண்டு அக்டோபர் 30இல் தன் முதற் பொதுக்கூட்டத்தை இங்குதான் நடத்தியது. அக்கூட்டத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் வேட்டியைக் கேலி செய்து எழுந்த கோஷங்களும், உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டதும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம் முதியோர் மறக்காத செய்திகள்.

பாந்திராவோ கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் சினிமாத் துறையினரும் கலந்து வாழும் ஊர். பாந்திரா மேற்குத் தொகுதி 1999 முதல் மூன்று தேர்தல்களில் காங்கிரஸுக்கு வாய்த்தது; 2014 முதல் பாரதீய ஜனதாவிடம் இருக்கிறது. ஜுஹுவும் இதனையொத்த கலப்புடையதே.

இவ்வாறு வணிகர் கரை ஒரு பக்கம் சாய்கிறது; மராத்தியர் கரை வேறு பக்கம் சாய்கிறது; கலந்து வாழும் கரை காலத்துக்கேற்ப மாறுகிறது. பணம் மட்டுமே ஒருவரின் கட்சியை நிர்ணயிப்பதில்லை. மொழி, சமயம், தொழில் ஆகியவையும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. எனினும் இக்கரைகள் அனைத்திலும் பொதுவாகக் காணப்படும் பண்பு ஒன்று உண்டு. அதற்கு வருமுன் பழைய வரலாற்றைச் சிறிது நினைவு கூர்தல் நலம்.

அன்று இருந்த நிலை

கடலோரத்துச் செல்வர்கள் எக்காலத்தும் அரசியலை ஒதுக்கியவர்கள் அல்லர். லோகமான்ய திலகரின் உடல் 1920 ஆகஸ்டு 1இல் எரியூட்டப்பட்டது கிர்காம் சௌபாத்தி மணலில்தான். காந்தியடிகள் 1917 முதல் 1934 வரை பம்பாயில் தங்கிய மணி பவன், குன்றின் அடிவாரமாகிய காம்தேவியில் ஒரு வணிகரின் இல்லம். 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் 1942 ஆகஸ்டு 8இல் நிறைவேறிய கோவாலியா குளம் மைதானமும் அங்கிருந்து நடந்து செல்லும் தூரமே. கடலைத் தூர்க்கும் வேலையில் நடந்த ஊழலை 1920களில் வெளிப்படுத்திய வழக்கறிஞர் நரிமன் பெயரையே நரிமன் பாயின்ட் இன்று தாங்கி நிற்கிறது. அந்நாளில் பெரிய வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் தெருவில் இறங்கினர், சிறை சென்றனர்.

விடுதலைக்குப் பின் தென்பம்பாய் காங்கிரஸின் கோட்டையாக இருந்தது. 1952 முதல் மூன்று முறை பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எஸ். கே. பாட்டீல். காங்கிரஸின் பொருளாதாரக் கொள்கை பிடிக்காத வணிகப் பிரமுகர்கள் சிலர், 1959இல் இராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியின் பக்கம் திரும்பினர். அக்கட்சியின் தூண்களுள் ஒருவர் பம்பாய்ப் பார்சியான மினூ மசானி. ஆயினும் பாட்டீலை வீழ்த்தியது செல்வர் கட்சி அன்று. 1967இல் துறைமுகத் தொழிலாளரையும் டாக்ஸி ஓட்டுநரையும் நகரசபைப் பணியாளரையும் திரட்டி நின்ற ஜார்ஜ் பெர்னாண்டஸே அவரைத் தோற்கடித்தார். ரயில்வேக்காரராகிய நமக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. 1964 முதல் ரயில்வே மந்திரியாக இருந்தவர் பாட்டீல். அவரை வென்றவரோ 1974இன் பெரும் ரயில்வே வேலைநிறுத்தத்தை நடத்தி, 1989இல் தாமே ரயில்வே மந்திரியானவர்.

1971இல் தொழிலதிபர் நவல் டாட்டா அதே தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். நாட்டிலேயே மிகுந்த செல்வம் குவிந்த இடங்களுள் ஒன்று அத்தொகுதி. அங்கும் டாட்டா என்னும் பெயர் வெற்றி தரவில்லை. பின்னர் 1977, 1980 ஆகிய ஆண்டுகளில் ஜனதாக் கட்சியின் ரத்தன்சிங் ராஜ்டா வென்றார். அதன்பின் காங்கிரஸின் முரளி தேவ்ராவும் பாரதீய ஜனதாவின் ஜயவந்திபென் மேத்தாவும் மாறி மாறி வந்தனர். 2004, 2009 ஆகிய இரு முறையும் மிலிந்த் தேவ்ரா காங்கிரஸ் சார்பில் வென்றார்.

தொகுதிகளின் எல்லை திருத்தப்பட்ட பின், 2009 முதல் வொர்லி, சிவடி, பைகுல்லா ஆகிய பழைய ஆலைப் பகுதிகள் தென்மும்பையுடன் சேர்ந்தன. 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சிவசேனையின் அரவிந்த் சாவந்த் வென்றார். கட்சி பிளவுபட்ட பின் நடந்த 2024 தேர்தலில் அவர் நின்றது உத்தவ் தாக்கரே அணியின் சார்பில். கோபுரங்களின் எண்ணிக்கை கூடினும் தொகுதியின் முடிவு சால்களிலேயே இருக்கிறது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சாவடியின் கணக்கு

மேலே சொன்ன பொதுப்பண்பு இதுதான்: கடற்கரைச் செல்வர்கள் அரசியல் பேசுவதில் சளைப்பதில்லை, வாக்களிப்பதில் சளைக்கின்றனர்.

2024 மே 20இல் நடந்த பார்லிமெண்டுத் தேர்தல் நாள் ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்த்து விடுமுறை எடுத்துப் பலர் வெளியூர் சென்றுவிட்டனர் என்று அப்போது கூறினர். அக்குறையைப் போக்கவே, அவ்வாண்டு சட்டசபைத் தேர்தலை நவம்பர் 20, புதன்கிழமை வைப்பதாகத் தேர்தல் கமிஷன் தெரிவித்தது. அப்படியும் கொலாபாவில் வாக்களித்தோர் நூற்றுக்கு 45 பேருக்கும் குறைவு. அதே நாளில், மாநிலத்தின் மறுகோடியில், காடும் துப்பாக்கிப் பயமும் நிறைந்த கட்சிரோலி மாவட்டத்தில் நூற்றுக்கு 70 பேருக்கும் மேல் வாக்களித்தனர். குற்றம் கிழமையினுடையது அன்று என்பது இதனால் தெளிவு.

நியாயமாகச் சொல்ல வேண்டுவன சில உண்டு. கொலாபாவின் பட்டியலில் இறந்தோர், மாறிச் சென்றோர் பெயர்களும் கிடக்கும். கடற்படையினர் வந்து போவோர். பிள்ளைகள் அயல்நாட்டில் இருப்பர். மேலும் அத்தொகுதியில் செல்வர் மட்டும் வாழவில்லை. இவற்றையெல்லாம் கழித்த பின்னும் எஞ்சும் வெறுமை பெரிதே.

நம்மைப் போன்ற சர்க்கார் ஊழியர்களைத் தேர்தல் நாளில் சாவடிப் பணிக்கு அனுப்புவது வழக்கம். குன்றின் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விரலில் மை வைக்கும் பணி ஒருமுறை நமக்கு வாய்த்தது. காலை 7 மணிக்கே முதியோர் சிலர் வந்து நின்றனர். கைத்தடி ஊன்றிய பார்சி அம்மையார் ஒருவர், மை சரியாகப் பதிந்ததா என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். பின்னர்க் காவற்காரர், கடைச் சிப்பந்திகள், துணி தேய்ப்பவர் என்று வந்தனர். பதினோரு மணிக்குப் பின் சாவடி அடங்கிவிட்டது. பட்டியலில் ஒரே கட்டடத்தின் பெயர்கள் பக்கம் பக்கமாக நின்றன. அவற்றுள் குறியிடப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கன. நடுத்தர வயதினரையும் இளைஞரையும் மாலை வரை எதிர்பார்த்திருந்தோம். மிகச் சிலரே வந்தனர். அவ்வீடுகளிலேயே தங்கி வேலை செய்யும் ஆட்களில் பலருக்குப் பெயர் இந்நகரத்துப் பட்டியலில் இல்லை. சொந்த ஊரில் இருக்கிறது. ஆக, வாக்குள்ளவர் வரவில்லை, வரக்கூடியவருக்கு வாக்கில்லை.

வாக்கின்றிக் காரியம் முடிப்போர்

வராதவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் உண்மை அதுவன்று. அவர்களுக்குத் தேவையானது வாக்கின்றியே கிடைக்கிறது என்பதே உண்மை.

மலபார் குன்றின் தொங்கும் தோட்டத்துக்கு அடியில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. தென்மும்பையின் குடிநீர் அதன் வழியாகச் செல்கிறது. அதை இடித்துப் புதிதாகக் கட்ட நகரசபை முனைந்தபோது, நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்படும் என்றும், தோட்டம் பல்லாண்டுகள் மூடப்படும் என்றும் 2023இல் அவ்வட்டாரத்தார் எதிர்ப்புத் தெரிவித்தனர். உடனே வல்லுநர் குழு அமைந்தது, இடிப்பு நின்றது. அவர்கள் கேட்டது தகாதது என்று நாம் கூறவில்லை. மரங்களைக் காப்பது நல்ல செயலே. கேட்ட குரல் எவ்வளவு விரைவில் எட்டியது என்பதையே சுட்டுகிறோம். பெட்டர் ரோடு மேம்பாலத்தின் கதையும் இதுவே. லதா மங்கேஷ்கர் உள்ளிட்ட அவ்விடத்தார் எதிர்த்தனர். பல்லாண்டுகள் பேசப்பட்டும் அப்பாலம் எழவே இல்லை.

இன்னொன்றும் காண்க. மும்பை நகரசபையின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கமிஷனரே நிர்வாகியாக ஆண்டார். அக்காலத்தில் கடற்கரைக் கட்டடச் சங்கங்களுக்குப் பெரிய இடையூறு நேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர்களிடம் அதிகாரிகளின் தொலைபேசி எண் இருக்கிறது. எழுதத் தெரிந்த ஆங்கிலம் இருக்கிறது. ஹைகோர்ட்டுக்குச் செல்ல வழக்கறிஞர் இருக்கிறார். சாலில் வாழ்பவருக்கோ கவுன்சிலர் ஒருவரே கதவு. கழிவறைக் கதவு உடைந்தாலும், குழாயில் சாக்கடை நீர் கலந்தாலும், பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு கையெழுத்து வேண்டினாலும் அவரிடமே போக வேண்டும். அவர் இல்லாத அவ்வாண்டுகளில் யார் அலைந்தனர் என்பதை நம் தாய்மார்கள் நன்கு அறிவர்.

தொலைபேசி எண் இல்லாதவர்கள் ஒன்றுபட்டு நின்றால் என்ன நடக்கும் என்பதற்கும் கடற்கரையிலேயே சான்று உண்டு. மரைன் டிரைவிலிருந்து வொர்லி வரை 10.58 கிலோமீட்டர் நீளத்தில் கடலோரச் சாலை அமைத்தனர். அதன் முதற்பகுதி 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. வொர்லிக் கோலிவாடாவின் மீனவர்கள், தம் படகுகள் கடலுக்குச் செல்லும் வாயிலில் பாலத் தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி போதாது என்றனர். அலையில் படகு தூணில் மோதும் என்பதைப் பிறப்பிலிருந்தே கடலை அறிந்தவர்கள் சொன்னார்கள். முதலில் எவரும் செவிசாய்க்கவில்லை. படகுகளைத் திரட்டிச் சென்று வேலையைத் தடுத்தனர். ஆண்டுக்கணக்கில் விடாது கேட்டனர். முடிவில் 2022இல் அரசு இசைந்து, இடைவெளியை 120 மீட்டராக்கியது. கோலிவாடாவின் வாக்குகள் ஒருமுகமாய் விழுபவை. அவற்றை இழக்க எக்கட்சியும் விரும்பாது. அவர்களுடைய நியாயத்தோடு அவர்களுடைய வாக்கும் சேர்ந்தே அத்தூண்களை நகர்த்தியது என்பது நம் கருத்து.

மெழுகுவர்த்தியும் மையும்

2008 நவம்பர் 26இல் நடந்த தாக்குதலை நாம் மறக்க முடியாது. அன்று வி.டி. நிலையத்தில் மட்டும் 58 பேர் மாண்டனர். பெரும்பாலோர் வெளியூர் வண்டிக்காகக் காத்திருந்த எளிய பயணிகள். எனினும் நாட்டின் கண்கள் பெரிதும் தாஜ், ஒபராய் ஓட்டல்களின் மேலேயே இருந்தன. ஒரு வாரம் கழித்து, இந்தியாவின் நுழைவாயில் முன்பு தென்மும்பை மக்கள் ஆயிரக்கணக்கில் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினர். அரசியல்வாதிகள் வேண்டாம் என்ற கூக்குரல் எழுந்தது. அவர்களுடைய துயரமும் சினமும் மெய்யானவையே. இனித் தென்மும்பை விழித்துக்கொள்ளும் என்று பத்திரிகைகள் எழுதின.

ஐந்து மாதம் சென்றது. 2009 ஏப்ரல் 30இல் தேர்தல் வந்தது. வங்கித் துறையில் உயர் பதவி வகித்த மீரா சன்யால் என்னும் அம்மையார், படித்தவர்களின் சார்பாகச் சுயேச்சையாக நின்றார். தென்மும்பையில் அன்று வாக்களித்தோர் நூற்றுக்கு 40 அளவே. அம்மையார் டிபாசிட்டை இழந்தார். மெழுகுவர்த்தி ஏந்திய கைகளில் பாதியேனும் மை ஏற்றிருந்தால் இவ்வளவு குறைந்திராது.

கடற்கரையார் முயன்றால் இயலாது என்பதில்லை. 2007இல் ஜுஹு வட்டாரக் குடிமக்கள் பலமுறை கூடிப் பேசி, கட்சிகளைச் சாராத அடோல்ஃப் டிஸோஸா என்பவரைத் தங்கள் அபேட்சகராக நிறுத்தி, நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தனர். தெருத்தெருவாகச் சென்று வாக்குக் கேட்டு அடைந்த வெற்றி அது. அவ்வழி எங்கும் பரவவில்லை என்பதே வருந்தத் தக்கது. தொலைபேசி எளிது, தெருத்தெருவாகச் செல்வது கடினம்.

பெயர்ப் பட்டியலே பட்டா

இனி அன்பரின் கேள்விக்கு வருவோம். மலபார் குன்றில் வாக்காளர் பட்டியல் என்பது ஒரு காகிதம். நம் மக்கள் வாழும் தாராவியில் அது வீட்டுப் பத்திரத்துக்கு ஒப்பானது.

குடிசையில் இருப்பவர் எந்நாள் முதல் அங்கு இருக்கிறார் என்பதைச் சர்க்கார் எவ்வாறு அறியும்? கிரயப் பத்திரம் கிடையாது. வாடகைச் சீட்டும் பலரிடம் கிடையாது. பழைய வாக்காளர் பட்டியலில் அக்குடிசை முகவரியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கின்றனர். தாராவிப் புனரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்றனர். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரையில் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய் விலையில் 300 சதுர அடி என்றனர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றிவிடும். பிள்ளைகளின் பள்ளி, தோல் பட்டறை, இட்லி வியாபாரம் யாவும் இருக்கும் இடத்தைச் சார்ந்தவை அல்லவா? அன்று ஓட்டுப் போடுவதற்காகப் பதிந்த பெயரே இன்று கூரையைக் காக்கும் சாட்சியாக வந்து நிற்கிறது. பெயரைப் பதியாது விட்டவர் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்.

நம்மவரிடம் இரு பழக்கங்களைக் காண்கிறோம். முதலாவது, பெயரைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றி ஒருமுறை பேசினோம். "அண்ணாச்சி, இங்கே வந்து முப்பது வருஷம் ஆகிறதே, பெயரை இங்கே மாற்றக்கூடாதா?" என்றோம். "தம்பி, ஊரில் பேர் இருந்தால்தான் நாலு பேர் நம்மை ஊர்க்காரன் என்பான்" என்றார். அவ்வுணர்ச்சியை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஊரில் உள்ள பெயர் இங்குள்ள குழாயைத் திறக்காது. சட்டமும் ஒருவருக்கு ஓரிடத்தில்தான் பெயர் இருக்கலாம், அதுவும் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்றே கூறுகிறது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலில், இடம் பெயர்ந்தவர், வீட்டில் காணப்படாதவர் போன்ற காரணங்களால் பல இலட்சம் பெயர்கள் விடுபட்டன. அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்கும் நிலை நம் குடும்பங்களுக்கு வரலாகாது.

இரண்டாவது பழக்கம் புதிது. அதுவே நம்மை அதிகம் வருத்துவது. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பிறந்து, படித்து, நல்ல உத்தியோகம் பெற்று, செம்பூரிலும் முலுண்டிலும் நவி மும்பையிலும் அடுக்குமாடியில் குடியேறிய நம் இளைஞர் சிலர், "எல்லாக் கட்சியும் ஒன்றுதான் ஸார், ஓட்டுப் போட்டு என்ன கிடைக்கிறது?" என்கின்றனர். இது கடற்கரையில் இருந்து கற்ற பேச்சு. கடற்கரைச் செல்வரின் வீடு நமக்குக் கிட்டவில்லை. அவருடைய தொலைபேசி எண்களும் கிட்டவில்லை. அவருடைய அலட்சியம் மட்டும் முதலில் கிட்டிவிட்டது. மேலும், அவ்விளைஞரின் தாய் தந்தையர் பலர் இன்னும் பழைய சாலிலேயே இருக்கின்றனர். மகன் வாக்கை விடுத்தால் தளர்வது அவர்களுடைய பலமுமாகும்.

வாக்களித்ததால் நமக்கு என்ன நேர்ந்தது என்றும் கேட்கலாம். வேட்டியைக் கேலி செய்த அதே நகரில், சயான் கோலிவாடாத் தொகுதியில் இருந்து தமிழரான இரா. தமிழ்ச்செல்வன் 2014, 2019, 2024 ஆகிய மூன்று முறை சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய கட்சி சிலருக்கு உகந்ததாக இருக்கலாம், சிலருக்கு இல்லாதிருக்கலாம். அதைப்பற்றி இங்கே பேச்சில்லை. இன்று எக்கட்சியாயினும், நம் தெருவுக்கு வரும்போது தமிழில் துண்டுப் பிரசுரம் அச்சிட்டுக்கொண்டு வருகிறது. 1966இன் கோஷங்களைக் கேட்ட முதியோருக்கு இதன் பொருள் விளங்கும். அம்மாற்றம் எவருடைய கருணையாலும் வந்ததன்று. பட்டியலில் இருந்த பெயர்களால் வந்தது.

ஆகவே அன்பருக்கு நாம் கூறும் விடை இது. மலபார் குன்றில் இருப்பவர் வாக்களிக்காமல் இருப்பதால் அவருக்குக் குறை இல்லை என்பது ஓரளவு மெய்யே. அவரிடம் வேறு சாவிகள் இருக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒன்று. ஒரு சாவி உடையவன் பத்துச் சாவி உடையவனைப் பார்த்துத் தன்னுடையதைக் கடலில் எறியலாமா?

செய்ய வேண்டுவது பெரிய காரியமன்று. இப்பகுதியைப் படித்து முடித்ததும் வீட்டில் உள்ளவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கவும். புதிதாகச் சேர்க்க ஆறாம் எண் படிவம். வீடு மாறியவர்க்கும் பிழை திருத்தவும் எட்டாம் எண் படிவம். பதினெட்டு வயது நிறையும் பிள்ளைகள் இப்போது ஜனவரியை மட்டும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாளாகும். வீட்டில் பெண்டிரின் பெயரைப் பார்க்கத் தவற வேண்டாம். மணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த ஊரிலேயே கிடப்பது நம் இல்லங்களில் மிகுதி. எழுதத் தெரியாத முதியோர் அடுத்த வீட்டில் இருந்தால், படிவத்தை நிரப்பிக் கொடுப்பது படித்தவர் கடமை. ஞாயிறு மாலைகளில் நம் சங்கத்துக்கு வருவோர் பழைய மின்சார ரசீதையும் ஆதார் நகலையும் உடன் கொண்டு வந்தால், படிவம் எழுத நாம் அமர்ந்திருப்போம்.